கணக்கு நேராகாத நட்பு

1919-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படித்த சோமர்வில் கல்லூரியில் ஒரு விவாத மேடை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படிப்பதைவிட நான்கு வருடம் ஊர் சுற்றுவதே நல்ல படிப்பு என்பது தலைப்பு. ஆமாம் என்று பேச வந்தவர் வேரா பிரிட்டெய்ன். வயது 25. சின்ன உருவம், இறுகிப்போன முகம். இல்லை என்று பேச எழுந்தவர் வினிஃப்ரெட் ஹோல்ட்பி. வயது 21. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிரித்தால் கூடத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்.

வேரா உலகப் போரில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதைக் கூடப் படித்த பெண்கள் ஒரு நிமிடமும் மறந்துவிடாதபடி நடந்துகொண்டவர். வினிஃப்ரெட் குறிவைத்தது அந்த மிதப்பைத்தான். ஷேக்ஸ்பியர் வசனம் ஒன்றையும் துணைக்கு இழுத்து அவர் கிண்டலடிக்க, கூடம் சிரிப்பில் குலுங்கியது. வேரா தன் அறைக்குப் போய் அழுதார். திட்டம் போட்டுத் தன்னை மேடையேற்றி அவமானப்படுத்திவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார்.

இந்த இருவரும்தான் பிறகு ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை இன்னொருவர் திருத்தினார். ஒருவர் பெற்ற குழந்தைகளை இன்னொருவரும் சேர்ந்து வளர்த்தார். ஒருவர் இறந்தபோது மற்றவர் அவருக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 20-ம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்துலகில் பெண்களின் நட்பு என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற பெயர்கள் இவர்களுடையவை.

இரண்டு பேரும் ஒரே அச்சு என்று நினைத்தால் தவறு. கல்லூரியில் ஏன் மோதிக்கொண்டார்கள் என்பதற்கான விடை அவரவர் வீட்டில் இருக்கிறது.

வேராவின் அப்பா காகித ஆலை முதலாளி. பக்ஸ்டன் என்ற மலையூரில் வசதியான வீடு. தம்பி எட்வர்டு படிப்பான், மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாள் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டித்தான் வேரா 1914-ல் சோமர்வில்லுக்குள் நுழைந்தார். நுழையும்போதே போர் மூண்டிருந்தது. அவர் காதலித்த ரோலண்ட் லெய்ட்டன், தம்பி எட்வர்டு, நண்பர்கள் விக்டர் ரிச்சர்ட்சன், ஜெஃப்ரி தர்லோ என்று தெரிந்த இளைஞர்கள் எல்லோரும் ராணுவச் சீருடை மாட்டிக்கொண்டார்கள். தான் மட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல் 1915-ல் படிப்பை விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்குப் போனார். லண்டன், மால்டா, பிறகு பிரான்ஸில் போர்முனைக்குப் பின்னாலிருந்த எத்தாப்ல் ராணுவ மருத்துவமனை. 1915 கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வருவார் என்று வேரா காத்திருந்த ரோலண்ட், குண்டடிபட்டு டிசம்பர் 23 அன்று இறந்தார். 1917 ஏப்ரலில் ஜெஃப்ரி. ஜூனில் விக்டர். எஞ்சியிருந்த எட்வர்டு, போர் முடிய ஐந்து மாதம் இருக்கையில், 1918 ஜூன் 15-ல் இத்தாலியின் அசியாகோ பீடபூமியில்.

1919-ல் சோமர்வில்லுக்குத் திரும்பிய வேரா இலக்கியப் படிப்பைக் கைவிட்டு வரலாறு எடுத்துக்கொண்டார். இந்தப் போர் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பகலில் வகுப்பு. இரவில் கண்ணாடி பார்த்தால் தன் முகத்தில் தாடி முளைப்பதுபோல, சூனியக்காரி முகமாக மாறிக்கொண்டிருப்பதுபோல ஒரு பிரமை. அதை வெளியே சொல்லவும் முடியாமல் பல மாதங்கள் தவித்ததைப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்றைக்கென்றால் பெயர் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

வினிஃப்ரெட்டின் வீடு வேறு உலகம். யார்க்‌ஷயரில் ரட்ஸ்டன் என்ற கிராமம். அப்பா பெரிய விவசாயி. அம்மா ஆலிஸ் வீட்டை மட்டுமல்ல, ஊரையே நிர்வகிக்கக்கூடியவர். அந்த மாவட்ட கவுன்சிலில் ஆல்டர்மேன் (மூத்த உறுப்பினர்) பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். மகளுக்கு 13 வயதாக இருந்தபோது அவள் எழுதிய கவிதைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் அச்சடித்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போ என்று பிடித்துத் தள்ளியவரும் அவரே. வேரா எதற்காக வீட்டில் வருடக்கணக்கில் சண்டை போட்டாரோ, அதை வினிஃப்ரெட்டுக்கு அவர் அம்மா தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

வினிஃப்ரெட்டும் போரைப் பார்க்காதவர் அல்ல. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க் கப்பல்கள் ஸ்கார்பரோ நகரைச் சுட்டபோது அவர் அங்கேதான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1918-ல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து பிரான்ஸுக்கும் போனார். ஆனால் வேராவுக்கு வந்ததுபோல் அவர் வீட்டுக்கு வரிசையாகச் சாவுச் செய்தி வரவில்லை. போரிலிருந்து அவர் திரும்பியது ஒரு கூட்டம் நண்பர்களோடு. வேரா திரும்பியது தனியாக.

இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது பாடத்திட்டம்தான். ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியின் டீன் க்ரட்வெல்லிடம் இருவரும் சேர்ந்து ஐரோப்பிய வரலாறு படிக்க வேண்டியிருந்தது. (இதே க்ரட்வெல்லோடு சில வருடம் கழித்து மோதிய மாணவர் ஈவ்லின் வா, தன் நாவல்களில் வந்த உருப்படாத பாத்திரங்களுக்கெல்லாம் அவர் பெயரைச் சூட்டித் தீர்த்துக்கொண்டார்.) பட்டிமன்றப் பகை கொஞ்ச நாள்தான் நீடித்தது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த வேராவைப் பார்க்க வினிஃப்ரெட் வந்தார். இருவருக்கும் பேச நிறைய இருந்தது. இருவருக்கும் எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

பட்டம் உண்டு, ஓட்டு இல்லை

அவர்கள் படித்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சோமர்வில் 1879-ல் தொடங்கிய கல்லூரி. நாற்பது வருடமாகப் பெண்கள் அங்கே படித்தார்கள், தேர்வெழுதினார்கள், ஆண்களைவிட நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். பட்டம் மட்டும் கிடையாது. 1920 அக்டோபர் 14 அன்றுதான் ஆக்ஸ்ஃபோர்டு முதன்முறையாகப் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது. அதை வேராவும் வினிஃப்ரெட்டும் மாணவிகளாக இருந்தபோதே பார்த்தார்கள். கேம்பிரிட்ஜ் இதைச் செய்ய 1948 ஆனது. நாம் சுதந்திரம் வாங்கி ஒரு வருடம் கழித்து.

1921-ல் இருவரும் இரண்டாம் வகுப்பில் தேறினார்கள். முதல் வகுப்பை எதிர்பார்த்தவர்கள், ஏமாற்றம்தான். அந்த வருடமே சேர்ந்து இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் போனார்கள். வேரா தன் தம்பியின் கல்லறையையும் ரோலண்டின் கல்லறையையும் பார்க்க வேண்டியிருந்தது. கூட வந்தவர் அந்த இரண்டு பேரையும் கண்ணால் கண்டிராத வினிஃப்ரெட். இந்த நட்பில் வினிஃப்ரெட்டின் இடம் எது என்பது இந்தப் பயணத்திலேயே முடிவாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. இறந்துபோன நால்வரைச் சுற்றியே வேராவின் வாழ்க்கை இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வினிஃப்ரெட்டால் முடிந்தது. மற்றவர்களால் முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் லண்டனுக்குக் குடிபோனார்கள். ப்ளூம்ஸ்பரி பகுதியில் டவுட்டி தெரு. முதலில் 52-ம் எண் வீட்டில் தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு ஸ்டுடியோ. பிறகு 58-ம் எண்ணில் மாடிக் குடித்தனம். நாலைந்து வாசல் தள்ளி 48-ம் எண் வீட்டில்தான் ஒரு காலத்தில் டிக்கன்ஸ் குடியிருந்தார். கல்யாணமாகாத இரண்டு பெண்கள் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாக வாடகைக்கு வீடெடுத்து, எழுதிப் பிழைக்கப்போகிறோம் என்று சொன்னது அன்றைய நடுத்தர வர்க்கத்துக்கு அதிர்ச்சிதான். ஆனாலும் இதை வெறும் புரட்சிக் கதையாக்கிவிடக் கூடாது. இரண்டு வீட்டிலிருந்தும் பணம் வந்தது. அந்தப் பணம் இல்லாமல் இதே ஆசையோடு இருந்த பெண்கள் எத்தனை ஆயிரம் பேரோ, அவர்கள் பெயர் எந்தத் தெருச் சுவரிலும் இல்லை.

பத்திரிகைகளில் அப்போது ஒரே பேச்சு 'மிகைப் பெண்கள்' பற்றி. 1921-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் பேர் அதிகம் என்று தெரியவந்திருந்தது. மாப்பிள்ளை கிடைக்காத இத்தனை பெண்களை என்ன செய்வது, காலனி நாடுகளுக்குக் கப்பலேற்றிவிடலாமா என்றெல்லாம் தலையங்கம் எழுதினார்கள். அந்தப் பெண்களே என்ன செய்ய நினைக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டால் சொல்ல டவுட்டி தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். வேரா பகுதிநேரமாகப் பாடம் எடுத்தார். இருவரும் சர்வதேச சங்க (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஆதரவு மேடைகளில் ஊர் ஊராகப் பேசினார்கள். லேடி ரோண்டா தொடங்கிய ஆறு அம்சக் குழுவில் சேர்ந்து பெண்களுக்குச் சம ஊதியம், விதவைத் தாய்மார்களுக்கு உதவி என்று கேட்டார்கள். 1922 பொதுத்தேர்தலில் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் தொகுதியில் லிபரல் வேட்பாளர் பெர்சி ஹாரிஸுக்காகப் படியேறி ஓட்டுக் கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓட்டுக் கேட்டுப் போன இரண்டு பட்டதாரிகளுக்கும் ஓட்டு இல்லை. 1918-ம் ஆண்டுச் சட்டப்படி ஓட்டுப் போடப் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஆணுக்கு 21 போதும். பிரிட்டனில் இந்த வேறுபாடு 1928-ல்தான் ஒழிந்தது.

பெத்னல் கிரீனில் பார்த்த ஏழ்மை இருவரையும் மாற்றியது. காலப்போக்கில் இருவரும் லேபர் கட்சி பக்கம் வந்தார்கள்.

முதலில் யார் புத்தகம்?

ஒரே வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள். சங்கடம் வராமல் இருக்குமா? வந்தது. வேரா மூத்தவர், லட்சியம் கொதித்துக்கொண்டிருந்தவர். அவருடைய முதல் நாவலைப் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், வினிஃப்ரெட்டின் முதல் நாவலான 'ஆண்டர்பி வோல்டு' சுலபமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூலி உயர்வு கேட்ட பண்ணையாட்களின் போராட்டத்தால் மனம் வெறுத்து விவசாயத்தை விட்ட தன் அப்பாவின் அனுபவத்திலிருந்து வினிஃப்ரெட் எடுத்த கதை அது. வேராவுக்கு வலித்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. 1923-ல் இரண்டு நாவலும் வெளிவந்துவிட்டதால் பிழைத்தது வீடு.

வேராவின் நாவல் 'தி டார்க் டைடு'. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் இரண்டு பெண்களின் கதை. அழவைத்த அந்த விவாத மேடைகூட உள்ளே இருக்கிறது. கல்லூரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். வினிஃப்ரெட்டின் சாயலில் வந்த பாத்திரமும் அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. வினிஃப்ரெட் தன் அடுத்த நாவலான 'தி கிரவுடட் ஸ்ட்ரீட்'டில் (1924) பதில் சொன்ன விதம் வேறு. அதில் வேராவின் சாயலில் வரும் டீலியா, கல்யாணத்துக்காகக் காத்திருந்தே வாடிப்போகும் ஒரு சிற்றூர்ப் பெண்ணைக் கைப்பிடித்து லண்டனுக்கு அழைத்துவருகிறாள். இருவரின் குணத்தையும் இந்த இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தாலே புரிந்துகொள்ளலாம்.

'தி டார்க் டைடு' இன்னொரு வேலையும் செய்தது. அதைப் படித்துவிட்டு ஜார்ஜ் கேட்லின் என்ற இளம் அரசியல் அறிஞர் வேராவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் தொடர்ந்தது. 1925 ஜூனில் கல்யாணம். மணப்பெண் தோழி வினிஃப்ரெட்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பொதுவாக முடிந்துவிடும். தோழிக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் மற்றவள் வாழ்த்துச் சொல்லி விலகிக்கொள்வதுதான் எங்கும் வழக்கம். நம் சங்கப் பாடல்களை எடுத்துக்கொண்டாலும், கோப்பெருஞ்சோழனுக்குப் பிசிராந்தையார், பாரிக்குக் கபிலர் என்று ஆண்களின் நட்புக்குத் தனிக்கதை உண்டு. தலைவியின் தோழியோ பெயரே இல்லாமல் தலைவியின் காதலுக்குத் தூது போய்க்கொண்டிருப்பாள். வேராவும் ஏறக்குறைய இதே புகாரைத்தான் வைத்தார்: ஹோமர் காலத்திலிருந்து ஆண்களின் நட்பைப் பாடிவிட்டார்கள், பெண்களின் நட்பு என்றால் நையாண்டி, இல்லாவிட்டால் சந்தேகம் என்று.

கல்யாணமான வேரா கணவரோடு அமெரிக்கா போனார். கேட்லினுக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. இத்தாகா என்ற சிறு நகரம். அங்கே அவர் எழுத்தாளர் அல்ல, புரொஃபசர் வீட்டு அம்மா. ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் எழுத்தைக் கண்டுகொள்ளவில்லை. அந்த நேரத்தில், 1926-ல், வினிஃப்ரெட் தனியாகத் தென்னாப்பிரிக்கா போய்ப் பல மாதங்கள் சொற்பொழிவாற்றினார். சர்வதேச அமைதியைப் பற்றிப் பேசப் போனவர், அங்கே கறுப்பினத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்துத் திரும்பினார். கிளெமென்ட்ஸ் கடாலி தலைமையிலிருந்த அவர்களுடைய தொழிற்சங்கத்துக்கு ஆலோசகராக வில்லியம் பாலிஞ்சரை 1928-ல் அனுப்பி வைத்ததில் வினிஃப்ரெட்டின் கைப்பணமும் அலைச்சலும் நிறைய உண்டு. வேராவின் நிழலில் வளர்ந்த செடி அல்ல அவர் என்பதற்கு இந்த ஒன்று போதும். ஜோஹன்னஸ்பர்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் அவர் நினைவாக ஒரு நூலகமே பின்னர் எழுந்தது.

மூன்று பேர், ஒரு வாசல்

1926-ல் வேரா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். கணவர் வருடத்தில் ஒரு பகுதி அமெரிக்காவில், மறுபகுதி லண்டனில். வேரா தன் பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. வினிஃப்ரெட் மறுபடியும் கூடக் குடிவந்தார். 1927-ல் ஜான் பிறந்தான். 1930-ல் ஷெர்லி. செல்சியில் க்ளீப் பிளேஸ் வீட்டில் குழந்தைகளுக்கு 'வினிஃப்ரெட் ஆன்ட்டி' வீட்டோடு ஒருத்தி. அம்மா எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்களிடம் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் அவர்தான்.

வதந்தி கிளம்பாமல் இருக்குமா? இந்த மூவர் குடித்தனத்தைப் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை பேசுகிறார்கள். இருவரும் காதலர்கள் என்ற பேச்சை வேரா கடைசிவரை மறுத்தார். மகள் ஷெர்லியும் மறுத்தார். அதே வேராதான், 1928-ல் பெண்களுக்கிடையிலான காதலைச் சொன்ன ராட்கிளிஃப் ஹாலின் நாவல் ஆபாச வழக்கில் சிக்கியபோது அதற்கு ஆதரவாக நின்று, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முன்வந்தார். ஆகவே பயந்துபோய் மறுத்தார் என்று சொல்வதற்கில்லை. நூறு வருடம் கழித்து நாம் தீர்ப்பெழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து உழைத்தார்கள் என்றால் அதற்கு வேறொரு காரணம் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று ஊருக்கு ஏன் தோன்றுகிறது என்பதை யோசிக்கலாம்.

உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று. இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம்?

வினிஃப்ரெட் 'டைம் அண்ட் டைடு' வார இதழின் இயக்குநர்களில் ஒருவர். வாரம் தவறாமல் அதற்கு எழுத வேண்டும். கூடவே வேறு பத்திரிகைகள், மேடைப் பேச்சு, தென்னாப்பிரிக்க வேலை. கைமாற்று கேட்டு வருபவர், வேலை கேட்டு வருபவர், முன்னுரை கேட்டு வருபவர் யாருக்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. இத்தனைக்கு நடுவே வேராவின் குழந்தைகள், வேராவின் பிரதிகள், வேராவின் மனச்சோர்வு. வேராவோ எழுத்து மேஜையைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளத் தெரிந்தவர். தன் நேரத்தைத் தானே மதிக்காவிட்டால் ஒரு பெண்ணின் நேரத்தை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. அது சரியான கட்சிதான். ஆனால் அந்தக் கோட்டைக்கு வெளியே காவல் நின்றவரும் ஒரு பெண் எழுத்தாளர்.

கொடுத்தது முழுக்க வினிஃப்ரெட் என்றும் சொல்லிவிட முடியாது. இலக்கில்லாமல் ஊருக்கு உழைத்துக்கொண்டிருந்தவரை, நீ எழுதத்தான் பிறந்தாய் என்று திரும்பத் திரும்ப மேஜைக்கு இழுத்துவந்தவர் வேரா. போருக்குப் பிந்தைய பெண்ணியத்தின் கூர்மையும் அவரிடமிருந்தே நிறைய வந்தது. இருந்தாலும் கணக்கு நேராகவில்லை. யாருடைய நாட்கள் குறைவு என்பது தெரிந்த பிறகு அந்தக் கணக்கு இன்னும் உறுத்துகிறது.

1931-ல் வினிஃப்ரெட் படுத்துவிட்டார். ரத்த அழுத்தம், தலைவலி; கடைசியில் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. அன்றைக்கு அதற்கு மருந்தில்லை. இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 1932-ல் வர்ஜீனியா உல்ஃபைப் பற்றி ஒரு புத்தகம். ஆங்கிலத்தில் உல்ஃபின் எழுத்தை முழுதாக ஆராய்ந்த முதல் நூல்களில் ஒன்று. 1933-ல் 'மண்டோவா, மண்டோவா!' என்ற நையாண்டி நாவல். 1934-ல் 'பெண்களும் மாறும் நாகரிகமும்' என்ற பொருளில் ஒரு நூல். ஹிட்லரின் ஜெர்மனியில் பெண்களை மறுபடி சமையலறைக்குத் துரத்துகிறார்களே, உரிமை என்பது ஒருமுறை வாங்கிவிட்டால் நிலைத்துவிடும் சொத்து அல்ல என்று அதில் எச்சரித்தார்.

இதே காலத்தில்தான் வேரா தன் போர்க்காலக் கதையை எழுதி முடித்தார். பல வருடம் நாவலாக எழுத முயன்று சரிவராமல், கடைசியில் சுயசரிதையாக வந்தது அது. 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்'. 1933 ஆகஸ்ட் 28-ல் விக்டர் கோலான்ஸ் வெளியிட்டார். முதல் அச்சான 3,000 பிரதிகளும் வெளிவந்த அன்றே விற்றுப்போயின. தன்னைப் பற்றிய பகுதிகளைக் குறைக்கச் சொல்லிக் கணவர் கேட்லின் மல்லுக்கு நின்றதால், புத்தகத்தில் அவர் வெறும் 'ஜி.' ஆகிவிட்டார். வினிஃப்ரெட்டோ கடைசிப் பகுதியில் முழு உருவத்தோடு நடமாடுகிறார். போரில் அத்தனை பேரை இழந்த பெண்ணுக்கு மறுவாழ்வு கொடுத்தது யார் என்பதில் புத்தகத்துக்குச் சந்தேகம் இல்லை.

குப்பைக்கூடையில் கிடைத்த நாவல்

வினிஃப்ரெட் தன் முக்கியமான நாவலான 'சவுத் ரைடிங்'கை எழுத யார்க்‌ஷயர் கடற்கரைக்குப் போனார். விதர்ன்ஸீ, ஹார்ன்ஸீ என்ற சின்ன ஊர்களில் அறையெடுத்துத் தங்கினார். எழுத எடுத்துக்கொண்ட விஷயம் யாரும் தொடாதது: மாவட்ட கவுன்சில். அம்மா ஆலிஸ் கூட்டம் முடிந்து வந்து குப்பைக்கூடையில் போட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பொறுக்கியெடுத்துப் படித்துத்தான் இந்த யோசனை வந்தது. நாவலில் எட்டுப் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலின் ஒரு துறைதான் தலைப்பு: கல்வி, சாலைகளும் பாலங்களும், பொதுச் சுகாதாரம், வீட்டுவசதி என்று. காய்ந்த அரசாங்கக் காகிதம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துப் புரட்டினால், உள்ளே ஒரு ஊரே உயிரோடிருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரியான ஓர் ஏழைப் பெண் பள்ளிக்குப் போக முடியுமா முடியாதா என்பது கவுன்சிலர்களின் கையெழுத்தில் தொங்குகிறது. சாரா பர்ட்டன் என்ற தலைமையாசிரியை அதற்காகச் சண்டை போடுகிறாள். அதிகாரம் வாங்கிய பெண் அதை வைத்து என்ன செய்வாள் என்பதை இவ்வளவு விவரமாகச் சொன்ன நாவல்கள் அன்றைக்குக் குறைவு.

1935 ஆகஸ்டில் வேராவின் அப்பா தேம்ஸ் நதியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்தடுத்துக் கேட்லினுக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. விடுமுறையில் பிரான்ஸில் இருந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள யார் போவது? வினிஃப்ரெட் போனார். தன் சாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில்.

செப்டம்பர் 29-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அவர் இறந்தார். வயது 37. சிறுவயதிலிருந்து அவர் நேசித்தும் பிடிகொடுக்காமலே இருந்த ஹாரி பியர்சன், கடைசி நேரத்தில் கட்டிலருகே வந்து கல்யாணம் செய்துகொள்வோம் என்று கேட்டார். கேட்கும்படி சொல்லி அழைத்து வந்தவர் வேரா. சாகிறவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அன்புதான். ஆனாலும் இவ்வளவு வேலை செய்த ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு கல்யாணப் பேச்சோடு முடிந்தால்தான் நிறைவு என்று வேராவே நம்பினாரா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

'சவுத் ரைடிங்' கையெழுத்துப் பிரதி வேராவின் பொறுப்பில் வந்தது. ஆலிஸ் அம்மாவுக்கு அது வெளிவருவதில் துளியும் விருப்பமில்லை. கவுன்சிலில் தன்னோடு உட்கார்ந்திருப்பவர்களை மகள் நாவலில் வைத்துவிட்டாள் என்று ஊர் பேசும். தானே அதில் ஆல்டர்மேன் பெடோஸ் அம்மாளாக நடமாடுவதும் தெரிந்துவிடும். வேரா விட்டுக்கொடுக்கவில்லை. பிரதியைச் சரிபார்த்து 1936 மார்ச்சில் கொண்டுவந்தார். ஆலிஸ் கவுன்சில் பதவியை ராஜினாமா செய்தார். நாவலுக்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசு கிடைத்தது. 1938-ல் சினிமாவானது. வினிஃப்ரெட்டின் உயிலின்படி நாவலின் வருமானம் சோமர்வில்லில் படிக்க வரும் பெண்களுக்கான உதவித்தொகைக்குப் போனது.

நட்பின் கணக்கில் வேராவின் பக்கம் எழுதவேண்டிய பெரிய தொகை இதுதான். அவர் உறுதியாக நிற்காமல் இருந்திருந்தால் இன்று வினிஃப்ரெட் ஹோல்ட்பி என்ற பெயர் பழைய வார இதழ்களின் அட்டைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

1940-ல் வேரா 'டெஸ்டமென்ட் ஆஃப் ஃபிரெண்ட்ஷிப்' எழுதினார். தோழியின் வாழ்க்கை வரலாறு. அழகான புத்தகம், ஆனால் அதில் வரும் வினிஃப்ரெட் கொஞ்சம் அதிகமாகவே புனிதவதி. கோபம், குறும்பு, கேலி எல்லாம் வடிகட்டப்பட்டுவிட்டது. அன்று பட்டிமன்றத்தில் கூடத்தையே சிரிக்கவைத்த பெண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஹாரி பியர்சன் காதலுக்குக் கிடைத்திருக்கும் இடமும் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1999-ல் மேரியன் ஷா எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகே வினிஃப்ரெட் தன் காலில் நிற்கும் ஆளாக மறுபடி வெளிப்பட்டார்.

வேரா அதன்பின் முப்பது வருடம் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் நகரங்கள்மீது குண்டுமழை பொழிவது தவறு என்று எழுதி, சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். அமைதி மாநாட்டுக்காக 1949-ல் இந்தியாவுக்கும் வந்து, அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1970-ல் காலமானார். வினிஃப்ரெட் தூக்கி வளர்த்த ஷெர்லி, ஷெர்லி வில்லியம்ஸாக அமைச்சரவை வரை போனார்.

டவுட்டி தெரு 58-ல் இருவர் பெயரையும் பொறித்த பலகை இருக்கிறது. 2014-ல் அலிசியா விகாண்டர் நடித்து வந்த 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' படத்தில் வினிஃப்ரெட் வந்துபோவது கொஞ்ச நேரம்தான். படம் போர் முடிந்த கொஞ்ச காலத்திலேயே நின்றுவிடுகிறது. 2011-ல் பிபிசி எடுத்த 'சவுத் ரைடிங்' தொடர் பரவாயில்லை. படிக்க நினைப்பவர்கள் நேரே அந்த நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. பஞ்சாயத்து யூனியன் கூட்டங்களைப் பார்த்த நமக்கு அதில் வரும் சாலை டெண்டர் தகராறுகளும் நில பேரமும் அந்நியமாகவே தெரியாது. வேரா சொல்லும் வினிஃப்ரெட்டை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.